மெஷினைச் சுற்றவிடும் முன்

ரத்தம் எடுப்பது, எடுத்ததைப் பிரிப்பது, பிரித்ததை எண்ணுவது: இதுதான் என் தொழில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்துத் திண்டுக்கல்லில் ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். பிறகு மதுரையில் குழந்தைப்பேறு சிகிச்சை மையம் ஒன்றில் பல ஆண்டுகள். இப்போது சொந்த ஊரான சித்தையன்கோட்டையில், வீட்டின் முன்னறையில் ஒரு சின்ன லேப். என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி குழந்தைக்காக ஏங்கும் பெண்களோடுதான் போயிருக்கிறது. டாக்டரிடம் கேட்கத் தயங்குவதை ஊசி குத்தும் என்னிடம் கேட்டுவிடுவார்கள். சில வருடங்களாக அவர்கள் அதிகம் கேட்பது ஒன்றுதான்: “அக்கா, பி.ஆர்.பி. போட்டா கரு ஒட்டிக்கிருமா?”

பி.ஆர்.பி. என்பது அவரவர் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கும், தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா. ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. நான் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

சித்தையன்கோட்டை இருக்கும் எங்கள் ஆத்தூர் வட்டாரத்துக்கு ஒரு தனி வரலாறு உண்டு. 1947ல் காந்திகிராம நிறுவனத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம் அம்மா சின்னாளபட்டியில் சிறிய அளவில் தொடங்கிய மருத்துவச் சேவை, பின்னாளில் காந்திகிராமத்தின் கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. இந்தப் பக்கத்துப் பிரசவங்களில் எத்தனையோ அங்கேதான் நடந்தன. 1960களில் குடும்பக் கட்டுப்பாட்டைக் கிராமத்து மக்களிடம் எப்படிக் கொண்டு செல்வது என்று காந்திகிராமத்தார் சோதித்துப் பார்க்கத் தேர்ந்தெடுத்ததும் இதே ஆத்தூர் வட்டாரம்தான். அந்த முயற்சி உலக அளவில் பேசப்பட்டது. என் அம்மா தலைமுறைப் பெண்கள் அந்தப் பிரசாரத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால், குழந்தையே இல்லாத ஒரு பெண்ணின் வாசலுக்கு ஆலோசனை சொல்ல யாராவது வந்ததாக அம்மா சொன்னதில்லை. அவளுக்குக் கோயிலும் தர்காவும் நாட்டு மருந்தும்தான் மிச்சம். சில வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரருக்கு இரண்டாம் கல்யாணப் பேச்சை எடுத்துவிடுவார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் இந்த நிலை பெரிதாக மாறியிருக்கவில்லை. முதலில் மருமகளைத்தான் கூட்டி வருவார்கள். அவளுக்கு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, குழாய் திறந்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எல்லாம் முடிந்திருக்கும். வீட்டுக்காரரின் விந்துப் பரிசோதனைச் சீட்டு மட்டும் மடித்தபடி கைப்பைக்குள் இருக்கும். “எம் மகனுக்கு என்ன குறை?” என்று மாமியார் அதட்டுவார். ஏறக்குறைய பாதித் தம்பதிகளில் ஆணிடமும் ஏதோ ஒரு காரணம் இருக்கும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்தான். இருந்தும் செலவும் வலியும் இல்லாத அந்தச் சோதனைதான் கடைசியாக நடக்கும். லேபிலேயே மாதிரி கொடுக்கக் கூச்சப்பட்டு, ஊரிலிருந்து டப்பாவோடு செம்பட்டி வழியாகப் பஸ் ஏறி வருவார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும், உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருப்போம். வந்து சேரும்போது நேரம் தாண்டியிருக்கும், அணுக்கள் அசையாமல் கிடக்கும். அது நோயா, பஸ் தாமதமா என்று எப்படிச் சொல்வது? மறுபடி வரச் சொல்வோம். பலர் வரவே மாட்டார்கள்.

காரணத்தைத் தேடாமல் சிகிச்சையை ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

டெஸ்ட் டியூப் பேபி என்ற சொல் அப்போது பத்திரிகையில் படிக்கிற சொல். 1978 ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தாள். அதே வருடம் அக்டோபரில் கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயின் முயற்சியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர் உயிரோடு இருந்தவரை அந்தச் சாதனையை அரசு ஏற்கவில்லை. 1981ல் தற்கொலை செய்துகொண்டார். 1986ல் பம்பாயில் டாக்டர் இந்திரா ஹிந்துஜா குழுவும் 1990ல் சென்னையில் டாக்டர் கமலா செல்வராஜும் இதே முறையில் குழந்தை பிறக்கச் செய்தார்கள். இதெல்லாம் எங்களுக்குத் தூரத்துச் செய்திகள். இரண்டாயிரத்துக்குப் பிறகு மதுரையிலும் கோயம்புத்தூரிலும் மையங்கள் பெருகின. ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்ஸி முறை 1992ல் பெல்ஜியத்தில் வந்தது; அது இங்கே பரவியதும் ஆண்களிடமுள்ள குறைக்கும் வழி கிடைத்தது. கருவை உறையவைத்து அடுத்த மாதம் வைக்கும் முறையும் பழகியது. நகை அடகிலும் நிலம் விற்ற பணத்திலும் எங்கள் பக்கத்துத் தம்பதிகள் மதுரைக்கு வர ஆரம்பித்தார்கள்.

மதுரை மையத்தில் என் பொறுப்பில் இருந்ததில் கனமானது பீட்டா சோதனை. கருவைக் கருப்பைக்குள் வைத்து ஏறக்குறைய 14 நாள் கழித்து ரத்தத்தில் கர்ப்ப ஹார்மோனான பீட்டா ஹெச்.சி.ஜி. பார்ப்போம். 5க்குக் கீழே என்றால் ஒட்டவில்லை. 25க்கு மேலே என்றால் ஒட்டியிருக்கிறது; 48 மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்க வேண்டும். விடிகாலையில் ரத்தம் கொடுத்துவிட்டு நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ரிசல்ட்டை டாக்டர்தான் சொல்வார். நான் கதவைத் திறந்து வெளியே வரும்போதே என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். நல்ல கரு, நல்ல கருப்பை உள்சுவர், நல்ல ஹார்மோன், எல்லாம் இருந்தும் 1.2 என்று வரும். இரண்டாம் தடவையும் அப்படி. மூன்றாம் தடவையும் அப்படி. “எங்கிட்ட என்னதான்க்கா குறை?” என்ற கேள்விக்கு யாரிடமும் பதில் இருக்காது.

பதில் இல்லாத அந்த இடத்தில்தான் புதுப்புதுச் சிகிச்சைகள் வந்து நின்றன. முதலில் வந்தது சுரண்டல் முறை. கரு வைப்பதற்கு முந்தைய மாதம், மெல்லிய குழாயைவிட்டுக் கருப்பையின் உள்சுவரை லேசாகக் கீறிவிடுவது. காயம் ஆறும்போது சுவர் கருவை ஏற்கத் தயாராகும் என்பது கருத்து. 2003ல் இஸ்ரேலில் வந்த சின்ன ஆய்வு ஒன்று, கருத்தரிப்பு இரட்டிப்பாகிறது என்றது. உலகம் முழுக்கப் பரவியது, மதுரைக்கும் வந்தது. வலி தாங்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்ட பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பிறகு, 1,364 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்து நடத்திய பெரிய ஆய்வு 2019 ஜனவரியில் வெளிவந்தது. சுரண்டிய பிரிவில் உயிரோடு குழந்தை பிறந்தது 26.1 சதவீதம், சுரண்டாத பிரிவிலும் அதே 26.1. அத்தனை பெண்கள் பட்ட வலிக்குப் பலன் இல்லை என்று தெரிய இவ்வளவு வருடம் ஆனது. சின்ன ஆய்வின் பெரிய நம்பிக்கையை எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பெரிய ஆய்வுதான்.

பி.ஆர்.பி. வேறு வாசல் வழியாக வந்தது. பல் மருத்துவத்திலும் எலும்பு மருத்துவத்திலும் ஏற்கெனவே புழங்கியது. முட்டிவலிக்குப் போட்டார்கள், முடி கொட்டுவதற்கும் போட்டார்கள். ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் ரத்தத்தை உறையவைப்பதோடு நிற்பதில்லை. அவற்றுக்குள் பொதிந்திருக்கும் வளர்ச்சிக் காரணிகள் புண்ணை ஆற்றும், புதிய ரத்தக் குழாய்கள் முளைக்க உதவும். அவற்றைச் செறிவாக்கிக் கருப்பைக்குள் விட்டால் மெலிந்த சுவர் தடிக்குமே என்று யோசித்தார்கள். 2015ல் சீனாவிலிருந்து வந்த கட்டுரையில் 5 பெண்கள். எத்தனை மாத்திரை போட்டும் தடிக்காத சுவர் பி.ஆர்.பி.க்குப் பிறகு 7 மில்லிமீட்டரைத் தாண்டியது. ஐந்து பேருமே கருத்தரித்தார்கள். 2016ல் ஈரானில், திரும்பத் திரும்பக் கரு ஒட்டாத 20 பெண்களில் 18 பேர் கருத்தரித்தார்கள் என்று வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரிவு அந்த இரண்டிலும் கிடையாது. அதற்குள் எங்கள் மையத்திலும் ஆரம்பித்தாயிற்று. ரத்தத்தைப் பிரிக்கும் வேலை என் மேஜைக்கு வந்தது.

செய்முறையைச் சொல்கிறேன். இருபது மில்லி அளவுக்கு ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க சிட்ரேட் உள்ள குழாயில் விடுவோம். முதலில் மெஷினை மெதுவாகச் சுற்றவிட வேண்டும். வெளியே எடுத்தால் அடியில் சிவப்பணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, இரண்டுக்கும் நடுவில் பழுப்பு வெள்ளையாக ஒரு மெல்லிய வரி. அந்த வரியை ஒட்டித்தான் தட்டணுக்கள் நிறைய இருக்கும். சிவப்பைத் தொடாமல் பிளாஸ்மாவையும் அந்த வரியையும் உறிஞ்சி இன்னொரு குழாயில் விட்டு, இரண்டாம் முறை வேகமாகச் சுற்ற வேண்டும். இப்போது அடியில் ஒரு சின்னத் திட்டு படியும். மேலே உள்ள பிளாஸ்மாவில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, மிச்சத்தில் அந்தத் திட்டை மெல்ல அசைத்துக் கரைக்க வேண்டும். நன்றாக வந்திருந்தால், குழாயை வெளிச்சத்தில் பிடித்து லேசாகச் சுழற்றும்போது உள்ளே பட்டு மினுங்குவது போல ஓர் அலை ஓடும். தட்டணுக்கள் உருக்குலையாமல் இருப்பதற்கு அது அடையாளம். கடைசியில் தேறுவது ஒரு மில்லி, சமயத்தில் அரை மில்லிதான். கரு வைப்பதற்கு ஏறக்குறைய 48 மணி நேரம் முன்பு, டாக்டர் அதை மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுவார். அந்தப் பெண்ணின் சொந்த ரத்தம் என்பதால் ஒவ்வாமை பயம் குறைவு.

பார்க்க எளிதாகத் தெரியும். எந்த இடத்தில் தவறும் என்பது தினமும் செய்பவருக்குத்தான் தெரியும். 3000 சுற்று என்று ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டியிருப்பார்கள். மெஷினின் மையத்திலிருந்து குழாயின் அடிவரை 10 சென்டிமீட்டர் என்றால் அந்த 3000 சுற்றில் கிடைப்பது புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 1000 மடங்கு விசை. 16 சென்டிமீட்டர் என்றால் 1600 மடங்கு. காகிதம் ஒன்றுதான், வருகிற பொருள் வேறு. விசை கூடினால் தட்டணுக்கள் நசுங்கி உள்ளே இருப்பதை முன்னாலேயே கொட்டிவிடும், குறைந்தால் சேராது. ஃபிரிட்ஜில் வைத்தால் கெட்டுவிடும், அறை வெப்பத்தில்தான் வைக்க வேண்டும். நம் ஊர் மே மாதத்தில், ஏசி ஓடாத அறையில், அறை வெப்பம் என்பதற்கு என்ன அர்த்தம்? நடுச் சுற்றில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ரத்தம் எடுக்க வேண்டும். வந்த பெண் தினமும் ஆஸ்பிரின் மாத்திரை சாப்பிடுபவளாக இருப்பாள்; திரும்பத் திரும்பக் கரு ஒட்டாதவர்களுக்குப் பலர் அதை எழுதிக் கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் பட்ட தட்டணுவின் வேலைத்திறன் அதன் ஆயுள் முழுக்க, அதாவது 7 முதல் 10 நாள்வரை, மட்டுப்படும். இதை டாக்டரிடம் முன்கூட்டிச் சொல்வது லேப்காரரின் கடமை.

எங்கள் டாக்டரம்மாவிடம் ஒரு அனுமதி கேட்டேன். சுற்றுவதற்கு முன்னால் ரத்தத்தில் ஒரு சொட்டு, சுற்றி முடித்த பிறகு ஒரு சொட்டு, இரண்டையும் கவுன்ட்டர் மெஷினில் போட்டு எண்ணிப் பார்க்கலாமா என்று. “பாரும்மா, நோட்டுல எழுதி வை” என்றார். ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம்வரை தட்டணுக்கள் இருக்கும், பி.ஆர்.பி.யில் அது நாலைந்து மடங்காக வேண்டும். நோட்டில் எழுத எழுத உண்மை தெரிந்தது. சில நாள் ஐந்து மடங்கு வந்தது. சில நாள் இரண்டு மடங்குகூட வரவில்லை. அதே கை, அதே மெஷின். ஒரு தடவை தொடக்க எண்ணிக்கையே மிகவும் குறைவாக இருந்தது. விசாரித்தால் போன வாரம் காய்ச்சலாம். அந்தப் பெண்ணை டெங்கு பரிசோதனைக்கு அனுப்பி, கரு வைப்பதை டாக்டரம்மா தள்ளிவைத்தார். அன்றைக்கு எண்ணாமல் விட்டிருந்தால் வெறும் பிளாஸ்மாவைப் பி.ஆர்.பி. என்று வைத்து அனுப்பியிருப்போம். எண்ணாமல் கொடுக்கிற இடங்கள் எத்தனையோ உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் பலிக்கவில்லை என்றால் பி.ஆர்.பி. பலிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது, பலித்தது என்றால் பி.ஆர்.பி.யால்தான் என்றும் சொல்ல முடியாது.

பலித்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். நிலக்கோட்டைப் பக்கம் பூ வியாபாரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி. முதல் கரு கலைந்தபோது செய்த சுத்தப்படுத்தலில் கருப்பையின் உள்சுவர் அடிபட்டிருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டியும் சுவர் ஆறு மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஹிஸ்டரோஸ்கோபியில், சுவரில் உண்டான ஒட்டுகளை நீக்கிய பிறகு பி.ஆர்.பி. கொடுத்தார்கள். ஸ்கேனில் சுவர் ஏழரைக்கு வந்தது, சுவர் தயாராகிவிட்டதைக் காட்டும் மூன்று கோடுகளும் தெளிவாகத் தெரிந்தன. அடுத்து வைத்த கரு தங்கியது. பி.ஆர்.பி. உதவியதா, ஒட்டுகளை நீக்கியது உதவியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. சுவர் மெலிந்தவர்களுக்கு இதை முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கிறது என்று மட்டும் சொல்வேன்.

சின்னாளபட்டி நெசவுக் குடும்பத்திலிருந்து வந்த இன்னொருத்திக்கு நடந்தது வேறு. வேறு இடத்தில் மூன்று முறை கரு வைத்து, இரண்டு முறை பி.ஆர்.பி.யும் போட்ட பிறகு எங்களிடம் வந்தாள். மாதவிலக்கு வர வரக் குறைந்துகொண்டே போனதை யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. உள்சுவரிலிருந்து சதை எடுத்துப் பார்த்ததில் காசநோய். நுரையீரலில் வருவதுபோல் கருப்பையிலும் காசநோய் வரும். இருமல் இருக்காது, சளி இருக்காது. நம் நாட்டில் குழந்தையின்மைக்கு அது கவனிக்கப்பட வேண்டிய ஒரு காரணம். அரசு இலவசமாகக் கொடுக்கும் மருந்தை ஆறு மாதம் சாப்பிட்டாள். நோய் போயிற்று, தழும்பான சுவர் மீளவில்லை. புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் பேசி முடிவெடுத்துச் சட்டப்படி பதிவுசெய்து ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். முதல் தோல்விக்கு முன்பே அந்தச் சோதனை நடந்திருந்தால் நாலு வருட அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களும் வருவார்கள். வயது ஏற ஏற முட்டையில் குரோமோசோம் கோளாறு கூடும். கரு ஒட்டாமல் போவதற்குக் கருவில் உள்ள அந்தக் கோளாறே முக்கியக் காரணம். எங்கள் ஊர் நெல் விளையும் ஊர், அதனால் விதைநெல்லைச் சொல்லித்தான் புரியவைப்பேன்: விதை பொக்காக இருந்தால் வயலுக்கு எவ்வளவு உரம் கொட்டினாலும் முளைக்காது. பி.ஆர்.பி. வயலுக்குப் போடுகிற உரம். நீர் கோத்த கருக்குழாயிலிருந்து கெட்ட நீர் கருப்பைக்குள் கசிந்தாலும் அப்படித்தான். முதலில் குழாயை அடைக்கவோ எடுக்கவோ வேண்டும். தைராய்டு, சர்க்கரை, உள்சுவரில் நாள்பட்ட அழற்சி, கர்ப்பப்பைக்குள் துருத்தும் கட்டி எதுவாக இருந்தாலும் அதற்குத்தான் முதலில் மருத்துவம்.

ஆய்வுகளும் இதற்குள் வளர்ந்திருக்கின்றன. 2020ல் ஈரானில் 97 பெண்களை இரண்டு பிரிவாக்கிப் பார்த்ததில், பி.ஆர்.பி. பெற்றவர்களில் ஏறக்குறைய 45 சதவீதமும் பெறாதவர்களில் 17 சதவீதமும் கருத்தரித்தார்கள். கேட்கத் தெம்பாக இருக்கிறது. ஆனால் சுரண்டல் முறையும் இப்படித்தான் தெம்பாக ஆரம்பித்தது. உலகத்து ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2024ல் பி.ஆர்.பி. பற்றி வெளியிட்ட மதிப்பீட்டில், குழந்தை பிறப்பைக் கூட்டுகிறதா என்று உறுதியாகச் சொல்லும் தரத்தில் சான்று இல்லை என்றே முடித்திருக்கிறது. எத்தனை தோல்வியைத் தொடர் தோல்வி என்பது என்பதிலேயே மையத்துக்கு மையம் கணக்கு மாறுகிறது. ஐரோப்பிய இனப்பெருக்க மருத்துவச் சங்கம் 2023ல் ஒரு நல்ல வழி சொன்னது: தோல்வியின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதே, அந்தப் பெண்ணின் வயதுக்கும் கருவின் தரத்துக்கும் இதற்குள் ஒட்டியிருக்க வேண்டிய வாய்ப்பு 60 சதவீதத்தைத் தாண்டிய பிறகும் ஒட்டவில்லை என்றால்தான் தொடர் தோல்வி என்று எடுத்துக்கொள். இந்தக் கணக்கில் பார்த்தால், இரண்டு முறை தோற்றதுமே பி.ஆர்.பி.க்கு அனுப்பப்படும் பல பெண்களுக்குத் தேவை இன்னொரு நல்ல கருவும் கொஞ்சம் பொறுமையும்தான்.

இப்போது என் லேபுக்கு வந்து கேட்கிற பெண்களுக்கு நான் சொல்வது இது. “தாயி, போட்டுக்கலாம், தப்பில்ல. போடுறதுக்கு முந்தி நாலு விஷயம் கேளு. ஒட்டாததுக்குக் காரணம் என்னன்னு பாத்தாச்சா? உன் சுவர் எத்தன மில்லிமீட்டர்? தட்டணு முன்னாடி எவ்வளவு, சுத்துனதுக்குப் பின்னாடி எவ்வளவு? இதுக்கு மட்டும் தனியா எவ்வளவு பணம்?” கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல டாக்டர்கள் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷமாகவே பதில் சொல்வார்கள்.

2021ல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் ஒவ்வொரு மையத்தையும் பதிவுசெய்ய வைத்திருக்கிறது, தம்பதியின் எழுத்துபூர்வமான சம்மதத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறது. எழும்பூரிலும் மதுரையிலும் கருத்தரிப்பு மையம் அமைப்பதாகத் தமிழக அரசு அறிவித்ததும் எங்களைப் போன்ற ஊர்களுக்குப் பெரிய செய்தி. இந்த இரண்டையும் வைத்து ஒன்று செய்ய முடியும். பி.ஆர்.பி. கொடுக்கிற ஒவ்வொரு மையமும் தட்டணு எண்ணிக்கை, சுவரின் தடிமன், எதற்காகக் கொடுத்தார்கள், கடைசியில் குழந்தை பிறந்ததா என்ற நான்கையும் பதிவேட்டில் எழுதி அரசுக்கு அனுப்ப வேண்டும். எழுதுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. நம் மாநிலத்தில் ஒரு வருடத்தில் நடக்கிற சிகிச்சைகளை எழுதிவைத்தாலே யாருக்குப் பலன், யாருக்கு வீண்செலவு என்று நம் பெண்களின் கணக்கிலிருந்தே தெரிந்துவிடும். அதுவரை பி.ஆர்.பி.யை ஒரு முயற்சி என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும், உத்தரவாதம் என்று சொல்லிக் கொடுக்கக் கூடாது. நகையை அடகுவைத்து வருகிறவளுக்கு அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, அவள் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.